வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் எழுதி வைக்கப் போகிறேன். காரணம் ஒரு கேஸ் சிலிண்டர்.

வெள்ளிக்கிழமை அக்கா என்னிடம், "இப்ப புக் பண்ணாத, இன்னும் பத்து நாளைக்கு வரும்" என்றாள். இன்று காலை சோறு பாதி வெந்திருக்கும்போது அடுப்பு அணைந்தது. "மூணு தடவ சொன்னேனே, புக் பண்ணு புக் பண்ணுன்னு. காதுல என்னத்த வச்சிருக்க?" என்றாள். அம்மா படத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

பஸ் ஏறும்போது, அவள் அப்படிச் சொல்லவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்தது. பாளை பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது அந்த நிச்சயம் இல்லை. பதினாலு வருஷமாக இந்த லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஒருநாள்கூட ஒருவர் பெயரை இன்னொருவர் குழாயில் ஒட்டியதில்லை. வீட்டில் மட்டும் காதில் விழுந்தது எது, விழாதது எது என்று தெரியாமல் போகிறது.

அதனால்தான் இந்த நோட்டு. லேப் மேஜை இழுப்பறையில் இருக்கட்டும். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் எழுதலாம்.

ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டும். நேற்று சாயங்காலம் ஓட்டலில் கொத்து பரோட்டா வாங்கிக்கொண்டு போனேன். அக்கா எனக்குப் பிடிக்கும் என்று முட்டையாகப் பொறுக்கி என் தட்டில் வைத்தாள். அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினேழு. அப்பா லாரியில் போனால் வர இருபது நாள் ஆகும். காலேஜில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு அவள்தான் எனக்குத் தலை பின்னினாள்.

ஜூன் 5, புதன்

38 சாம்பிள். இடது மணிக்கட்டில் வீக்கம். கதவில் இடித்துக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு (திங்கள் மத்தியானம் எழுதியது)

அக்காவிடம் வேலாயுதம் பற்றிச் சொல்லிவிட்டேன்.

ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறவர். வயது நாற்பத்திரண்டு. மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, பிள்ளை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வருவார். போன மாதம் ரத்தம் எடுத்து முடித்த பிறகும் எழுந்திருக்காமல், "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்கக் கூடாது" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை.

அக்கா என்ன செய்வாளோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவளோ என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "முப்பத்தெட்டு வயசுல ஒனக்கு நேரம் வந்திருக்குட்டி. ஆடி பொறக்கதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றாள். அப்போதே டவுனுக்குக் கூட்டிப்போய் அரக்குக் கலரில் ஒரு பட்டு எடுத்துக்கொடுத்தாள். கடைக்காரப் பெண்ணிடம், "இவ என் தங்கச்சி இல்ல, என் மக" என்றாள். நான் அவளைப் பற்றி எப்படியெல்லாம் எழுத ஆரம்பித்தேன் என்று வெட்கமாக இருந்தது.

ஜூன் 13, வியாழன்

அக்கா பேசி நான்கு நாள் ஆகிறது. திங்கள் சாயங்காலம் போனில் நான் சிரித்தேன். அதுதான் காரணமாக இருக்கும். என் தட்டைக் கழுவி வைப்பதில்லை. என் துணி மட்டும் கொடியில் நனைந்து கிடக்கிறது. எதிரில் வந்தால் சுவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.

இன்று காலையில் அவள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று தெரியாது. "சரி, போ" என்றாள். நிம்மதி.

ஜூன் 17, திங்கள்

நேற்று வேலாயுதம் சாப்பிட வந்தார். அக்கா சொதி வைத்து, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல் என்று அமர்க்களப்படுத்தினாள். அவர் "மதினி, மதினி" என்று கூப்பிட, அவள் முகம் பூத்துப் போயிருந்தது. நான் மோர் கரைக்க உள்ளே போய் ஐந்து நிமிஷம் இருக்கும்.

இன்று லேபுக்கு வந்தார். எதையோ கேட்க வந்தவர், சுற்றி வளைத்தார். கடைசியில், "நீங்க மாத்திரை ஏதும் சாப்பிடுதீங்களா? இருந்தா என்ன, எனக்கு அது ஒரு குறை இல்ல. தெரிஞ்சுக்கிடணும்லா" என்றார்.

"என்ன மாத்திரை?"

"மனசுக்கு. ரெண்டு தடவ ஆஸ்பத்திரில வச்சிருந்ததா மதினி சொன்னாவ. சொல்லும்போதே அழுதாவ."

நான் ஆஸ்பத்திரியில் படுத்ததே கிடையாது. அதைச் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, நீங்க சொன்னா சரி" என்றார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் என்னைப் பெண் பார்க்க வந்த தென்காசிக்காரர்களும் ஒருமுறை வந்து சாப்பிட்டுப் போனார்கள். அப்புறம் பதிலே சொல்லவில்லை. அதை இன்றைக்கு முன் நான் யோசித்ததில்லை.

ஜூன் 18, செவ்வாய்

அக்காவிடம் கேட்டேன். "நான் எப்பட்டி அப்படிச் சொன்னேன்? ஒனக்கு அவன் ஆகாதுன்னு தோணுது, சொல்லத் தைரியம் இல்ல, என் தலையில போடுத" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "நெசமாவே ஒனக்கு என்னமோ செய்யுது கோமதி" என்றாள்.

ஜூன் 19, புதன்

எங்கள் லேபுக்கு மேல் மாடியில் புதன்கிழமைதோறும் மனநல மருத்துவர் எஸ்தர் உட்காருவார். எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் போனேன். அரைமணி நேரம் என்னைப் பேசவிட்டார்.

அக்காவுக்கு என்ன நோய் என்று கேட்டேன்.

"அவங்களைப் பாக்காம நான் பேர் வைக்க முடியாது. ஆளுமைக் கோளாறுன்னு ஒண்ணு உண்டு. அது காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போறது இல்ல. மனுஷங்களை நம்புற விதம், பயப்படுற விதம் எல்லாம் சின்ன வயசுலயே வளைஞ்சு போயிருக்கும். தன்னை விட்டுப் போயிருவாங்கன்னு பயம் வந்தா, சிலர் போறவங்களைக் கடிச்சாவது நிறுத்தப் பாப்பாங்க. அப்படிக் கோளாறு இருக்கிற எல்லாரும் அடுத்தவங்களை வதைக்கிறவங்க இல்ல. வதைக்கிற எல்லாருக்கும் கோளாறு இருக்குன்னும் இல்ல."

"வேணும்னேதான் செய்யுதாளா டாக்டர்?"

"பாதி ஆமா, பாதி இல்ல. உங்களுக்கு அந்தக் கணக்கு எதுக்கு? வலி ஒண்ணுதானே."

அவளை எப்படி மாற்றுவது என்று கேட்டேன். அது என்னால் ஆகாது என்றார். சிகிச்சை உண்டாம், வருஷக்கணக்கில் பேசிப் பேசி ஆக வேண்டியதாம், ஆனால் அவளே வர வேண்டுமாம். நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: வாதாடாமல் இருப்பது, கத்தினால் வெளியே போய்விடுவது, போக ஓர் இடம் வைத்துக்கொள்வது, சொன்னதிலிருந்து பின்வாங்காமல் இருப்பது. "செத்துருவேன்னு சொன்னா ஒருநாளும் நடிப்புன்னு விட்டுறாதீங்க. உடனே கூட்டிட்டு வாங்க, இல்லன்னா ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. ஆனா அதுக்காக அவங்க கேக்கிறதைக் கொடுத்துறணும்னு அர்த்தம் இல்ல."

எழுந்திருக்கும்போது மணிக்கட்டைக் காட்டி என்ன என்று கேட்டார். கதவு என்றேன்.

"கதவைச் சாத்தினது யாரு?"

கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 22, சனி

நேற்று செய்து பார்த்தேன். மண்டபம் வேண்டாம், குறுக்குத்துறை முருகன் கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று நான் சொன்னதும் அக்கா ஆரம்பித்தாள். நான் செய்நன்றி கெட்டவள், படிப்பை விட்டு வளர்த்ததற்கு நாலு பேர் முன்னால் நிற்கிற மரியாதைகூடத் தர மாட்டேன் என்கிறேன். "அக்கா, நீ கத்துனா நான் வெளிய போயிருவேன். அப்புறமா பேசுவோம்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன்.

திரும்பி வந்தபோது குளியலறை வாளியில் என் லேப் டெக்னீஷியன் சான்றிதழ்கள் ஊறிக்கொண்டிருந்தன. மார்க் ஷீட், டிப்ளமா, எல்லாம்.

அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். "நீ போயிட்ட. எனக்கு என்ன செய்யுதேன்னே தெரியல" என்று அழுதாள். பிறகு எழுந்து, ஒவ்வொரு தாளாக எடுத்து, பழைய வேட்டிக்கு நடுவில் வைத்து, இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து ஒத்தி ஒத்தி எடுத்தாள். நான் தாளைப் பிடித்துக்கொண்டேன். மை கலங்கிய இடத்தில் என் பெயர் ‘சங்கரகோ’ வரைதான் இருக்கிறது. ரெண்டு மணி நேரம் அப்படி வேலை செய்தோம். நடுவில் அவள் என்னவோ சொல்ல, நானும் சிரித்தேன்.

அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்.

ஜூன் 27, வியாழன்

கல்யாணம் ஜூலை 12, வெள்ளி, காலை ஏழரையிலிருந்து ஒன்பது என்று முடிவாகிவிட்டது. அக்காவும் ஒப்புக்கொண்டாள். அவள் மகன் சைலப்பனுக்குச் சொல்ல மத்தியானம் போன் செய்தேன். ஓசூரில் ஃபேக்டரி வேலை, இருபத்துமூன்று வயது. அம்மாவிடம் பேசியே நான்கு வருஷம் ஆகிறது. அத்தான் விட்டுப் போன பிறகு அக்கா அவனைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து எவ்வளவு பாடுபட்டு வளர்த்தாள். அவனுக்கு நன்றி கிடையாது என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அம்மா இருப்பாளே. அப்ப நான் வரல சித்தி."

"பெத்தவகிட்ட இப்படி இருக்கலாமா?"

"பின்ரூம்ல என்னைப் பூட்டி வச்சாளே, ஆறாங்கிளாஸ் படிக்கையில. அப்பா கூடப் போன்ல பேசுனேன்னு. நீங்க முன்ரூம்லதான இருந்தீங்க" என்றான்.

அவன் சொல்வது அப்படியே சரியில்லை. சின்னப் பையன், மிகைப்படுத்தி ஞாபகம் வைத்திருக்கிறான். அது ஒரு மத்தியானம்தான்.

ஜூலை 1, திங்கள்

ஒரு மத்தியானம் இல்லை. சனி காலையிலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை.

பின்னறையில் அரிசிப் பானையும் பாயும் கிடக்கும். பெருச்சாளி வருகிறது என்று அப்பா உயிரோடு இருந்தபோது வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போட்டு வைத்திருந்தார். அவன் கதவைத் தட்டினான். "சித்தி, சித்தி" என்றுதான் கூப்பிட்டான், அம்மா என்று கூப்பிடவில்லை. நான் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தத்தைக் கூட்டினேன்.

ஜூலை 2, செவ்வாய்

ஜூன் 5 அன்று கதவைச் சாத்தியது அக்கா. என் கை நடுவில் இருப்பது தெரிந்தே சாத்தினாள். வேலாயுதத்திடமிருந்து வந்த போனை அப்போதுதான் வைத்திருந்தேன்.

51 சாம்பிள். மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 10, புதன் (வியாழன் காலை எழுதியது)

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா பின்னால் வந்து நின்று, "நீ வெள்ளிக்கிழம போனன்னா, சனிக்கிழம நான் இருக்க மாட்டேன்" என்றாள். சாதாரணமாக, பால்காரன் வரவில்லை என்பதுபோல் சொன்னாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, "அப்ப இன்னைக்கே டாக்டர்கிட்ட போவோம்க்கா" என்றேன். லீவு சொல்லிவிட்டு அவளை விட்டு நகராமல் இருந்தேன். டாக்டருக்குப் போன் செய்ததும் சாயங்காலம் வரை காத்திருக்காமல் பதினோரு மணிக்கே வரச் சொன்னார். ஆச்சரியம், அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

டாக்டர் அறையில் வேறு ஆளாக இருந்தாள். தங்கச்சிக்குக் கல்யாணப் பயம், தூக்கம் இல்லை, நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்று என்னைக் காட்டி அழகாகப் பேசினாள். டாக்டர் குறுக்கே பேசவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "தங்கச்சி போயிட்டா வீடு எப்படி இருக்கும்மா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள். முகத்தில் என்னவோ அவிழ்ந்தது. "எல்லாரும் போயிருதாங்க டாக்டர். புடிச்சு வச்சாலும் போறாங்க, விட்டாலும் போறாங்க. அம்மாவும் அப்படித்தான் போனா. நான் என்ன செய்யணும்னு யாரும் சொல்லித் தரல" என்றாள். அவளுடைய அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள். மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

அவளைத் தனியாகவும் வைத்துப் பேசினார் டாக்டர். இப்போதைக்கு உயிருக்கு ஆபத்து இல்லை, ஆனால் வாராவாரம் வர வேண்டும் என்றார். அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண் எழுதிக் கொடுத்தார். படியிறங்கும்போது அக்கா அந்தச் சீட்டை நான்காகக் கிழித்து என் கைப்பைக்குள் போட்டாள்.

ஜூலை 11, வியாழன்

அரைநாள் வேலை. அக்கா சந்தோஷமாக இருக்கிறாள். கோயிலுக்கு எடுத்துப் போக ரவை லட்டு பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டு மேரி டீச்சர் போனில் சொன்னார்கள். நான்தான் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

இரண்டு நாளாக எழுத முடியவில்லை. இது புது நோட்டு. வண்ணார்பேட்டையில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி, மூன்று பேர் அறை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு வந்தேன். "பின்ரூம்ல பித்தளைத் தாம்பாளம் இருக்கு, எடுத்துட்டு வா" என்றாள் அக்கா. உள்ளே போனேன். தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டும் சத்தம் கேட்டது.

முதலில் தவறுதலாக என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். "அக்கா, நான் உள்ள இருக்கேன்" என்றேன். "தெரியும்ட்டி. ஒன்பது மணி வரைக்கும்தான். அப்புறம் நாம ரெண்டு பேரும் காப்பி குடிப்போம்" என்றாள். போன் வெளியே மேஜைமேல் இருந்தது. அது அடிப்பதும் நிற்பதும் கேட்டது.

கதவைத் தட்டினேன். முப்பத்தெட்டு வயதில், பாவாடையை மார்பில் கட்டிக்கொண்டு, மேலே ஒரு துண்டோடு நின்று தட்டினேன். பின்னறை ஜன்னலுக்கு நேரே மேரி டீச்சர் வீட்டு அடுப்படி. "டீச்சர்" என்று கத்தினேன். அங்கே பாத்திரம் உருள்வது நின்றது. கேட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. பிறகு அவர்கள் வீட்டு டிவி சத்தம் கூடியது.

நான் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். டீச்சர்மேல் கோபம் வரவில்லை.

ஒன்பதேகால் இருக்கும். வாசலில் வேலாயுதம் குரல் கேட்டது. அக்கா தணிந்த குரலில், "அவளுக்கு இஷ்டம் இல்ல தம்பி. ஒங்ககிட்ட நேர்ல சொல்ல வெக்கம். அழுது அழுது இப்பத்தான் கண்ணசந்திருக்கா. நான் என்ன செய்ய, ஒத்தையில கெடந்து சாகுதேன்" என்றாள்.

அவர் செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. போய்விடுவார் போலிருந்தது.

இதை எழுதத்தான் வேண்டும். நான் உடனே கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அக்கா பூட்டியது தெரிந்துவிடும், தெரு முழுக்கத் தெரிந்துவிடும், அவள் முகம் என்ன ஆகும் என்று யோசித்தேன். வாசல் கேட் திறக்கும் சத்தம் கேட்கிற வரைக்கும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் கத்தினேன். "நான் உள்ள இருக்கேன். பூட்டி வச்சிருக்கா. கதவைத் தொறங்க."

அவர் வந்தார். அக்காவிடம் சாவி கேட்டார். "அவளே உள்ள போயி தாப்பா போட்டுக்கிட்டா" என்றாள். பூட்டு வெளியே தொங்குகிறது, அதன் முன்னால் நின்றுகொண்டு அப்படிச் சொன்னாள். அவர் வாதாடவில்லை. தேங்காய் உடைக்கிற அரிவாளைத் தாழ்ப்பாளுக்குள் கொடுத்து நெம்பினார். ஆணியோடு பெயர்ந்து வந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் துண்டை நீட்டினார்.

நான் சேலை கட்டி, மாற்றுத்துணி, சான்றிதழ்ப் பை, போன் எல்லாம் எடுத்து முடிக்கிற வரைக்கும் அக்கா என் பின்னாலேயே வந்தாள். கத்தவில்லை. "சாப்டுட்டுப் போட்டி. வெறும் வயித்தோட போவாத" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

கோயிலுக்குப் போகவில்லை. "இன்னைக்கு வேண்டாம். நீங்க நடுங்குதீங்க" என்றார் வேலாயுதம். ஆடி பிறக்கப் போகிறது, இனி ஆவணியில்தான்.

டாக்டருக்கும், அப்பாவின் தங்கையான அத்தைக்கும் போன் செய்து, அக்கா தனியாக இருக்கிறாள், யாராவது கூட இருங்கள் என்று சொன்னேன். அத்தை போனாள். போய்விட்டு, வளர்த்தவளை இப்படித் தவிக்க விட்டுப் போகலாமா என்று என்னைக் கேட்டாள்.

ஜூலை 20, சனி

நாற்பத்தேழு தடவை அழைத்திருக்கிறாள். வாய்ஸ் மெசேஜ் ஒன்றில் திட்டு, அடுத்ததில் அழுகை, அதற்கடுத்ததில் மாதுளம்பழம் விலை. அத்தை கூடவே இருக்கிறாள் என்பதால் நான் எடுக்கவில்லை.

சைலப்பனுக்குப் பேசினேன். நடந்ததைச் சொல்லிவிட்டு, "நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சுப்பா. நல்லாவே கேட்டுச்சு" என்றேன்.

பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"தெரியும் சித்தி. நீங்க டிவிய சத்தமா வச்சீங்கல்லா."

மன்னித்துக்கொள் என்றேன். "அது வேற. அதெல்லாம் இப்ப முடியாது. ஆனா நீங்க வெளிய வந்தது நல்லது" என்று சொல்லி, ஷிப்ட் பெல் அடித்துவிட்டது என்று வைத்துவிட்டான். பெல் எனக்குக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை எட்டு மணிக்கு டோக்கன் பதினொன்று என்று கூப்பிட்டேன். அக்கா வந்து நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். சர்க்கரை, கொழுப்பு. சீட்டில் எல்லாம் முறைப்படி இருந்தது. இளைத்திருந்தாள். தலை சரியாக வாரவில்லை.

ரப்பர் கட்டினேன். அவளுக்கு நரம்பு சட்டென்று கிடைக்காது. விரலால் தேடிக்கொண்டிருந்தபோது, "வலிக்காம எடுப்பியா?" என்றாள். எடுத்தேன். மூன்று குழாயிலும் ‘காந்திமதி, 46’ என்று எழுதினேன். எழுத்து சரியாகத்தான் வந்தது.

"வீட்டுக்கு வாட்டி. பின்ரூம் கதவையே கழட்டி வச்சிட்டேன்."

"வர மாட்டேன்க்கா."

"அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

"புதன்கிழம டாக்டர் மேல இருப்பாங்க. நாலு மணிக்கு நீ வந்தா, நானும் பக்கத்துல வந்து உக்காருவேன். ஒவ்வொரு புதனும் உக்காருவேன். வீட்டுக்கு மட்டும் வர மாட்டேன்."

பஞ்சைப் பிடுங்கி என் மேஜையில் எறிந்துவிட்டு எழுந்தாள். முழங்கையிலிருந்து ரத்தம் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. காத்திருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். "என் ரத்தத்தக் குடிச்சு வளந்தவ" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதை அப்படியே டாக்டருக்கும் அத்தைக்கும் போனில் சொன்னேன். பிறகு மேஜையைத் துடைத்துவிட்டு டோக்கன் பன்னிரண்டைக் கூப்பிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

மூன்றே முக்காலுக்கு மாடிக்குப் போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டிருந்தேன். படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தேன். ஐந்தரைக்கு அத்தை போன் செய்தாள். அக்கா குளித்துச் சாப்பிட்டாளாம், சீரியல் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம், வர மாட்டாளாம். ஆறு மணிக்கு வரவேற்பில் இருக்கும் பெண் விளக்கை அணைத்தாள்.

அக்கா வரவில்லை. எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது என்று எழுதினேன். அதை அடித்துவிட்டேன்.

நிம்மதியாக இருந்தது.